வேகுதல் எங்கே நிகழ்கிறது?

மைக்ரோவேவ் அடுப்பில் செய்த பிஸ்கட்டை வெந்த பண்டமாகக் கொள்ளலாமா என்னும் ஐயம் சமையற்கட்டோடு முடிந்துவிடும் ஒன்றாகத் தோன்றினாலும், இந்தியத் தத்துவ மரபில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாதிக்கப்பட்ட ஒரு வினாவை அது மீண்டும் கிளப்பிவிடுகிறது. ஒரு பொருளோடு வெப்பம் சேரும்போது மாறுவது அப்பொருள் முழுமையுமா, அதன் நுண்துகள்களா, மாறியபின் எஞ்சுவது பழைய பொருள்தானா என்பதே அவ்வினா. வைசேடிகர், நையாயிகர் என்னும் இரு தத்துவப் பள்ளியினரும் சூளையில் சுட்ட மண்குடத்தை எடுத்துக்காட்டாக வைத்து இதனை வாதிட்டனர்; தோவாளை வட்டாரத்தில் பச்சைக் கல் அடுக்கப்பட்டுச் செங்கல்லாக வெளிவரும் சூளைகளைக் கண்டவர்க்கு அந்த எடுத்துக்காட்டு அந்நியமானதன்று.

தீயே இல்லாத பெட்டிக்குள் வைத்த மாவு எவ்வாறு வெந்ததாகும் என்னும் தடையை முதலில் நீக்கிக்கொள்வது நன்று. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துப் பழைய பேக்கரிகளில் போர்மா என்று வழங்கும் விறகு அடுப்பில், உள்ளே தீ மூட்டிக் கல்லைக் காயவைத்துக் கனலை ஒதுக்கிய பின்னரே தட்டுகள் உள்ளே செல்கின்றன. ரொட்டியையும் பிஸ்கட்டையும் வேகவைப்பது கல்லில் தங்கிய சூடேயன்றிச் சுடரன்று. யூதச் சமய நூலாகிய தல்மூத், வேலை விலக்கப்பட்ட ஓய்வுநாளில் வெயிலில் சமைப்பதைத் தீயில் சமைப்பதோடு ஒன்றாக எண்ணாமல் தனியே வைத்தது. அந்தப் பாகுபாட்டைக் கொண்டு மைக்ரோவேவை எங்கே வைப்பது என்று இருபதாம் நூற்றாண்டின் யூத அறிஞர்கள் வாதிட்டனர். வழக்கமான சமையல் முறையாகிவிட்டதால் அது தீயில் சமைப்பதற்கு நிகரே என்று மோஷே ஃபைன்ஸ்டீன் கொண்டார். தமிழ்நாட்டில் இதற்கு ஒப்பான தீர்ப்பைத் தேட வேண்டிய தேவை எழவில்லை எனினும், தர்க்க நூல்கள் அதற்கு இடம் வைத்தே சென்றிருக்கின்றன.

அன்னம்பட்டர் பதினேழாம் நூற்றாண்டில் வடமொழியில் இயற்றிய தருக்க சங்கிரகத்தை, நாஞ்சில் நாட்டுக்கு வடக்கே பொருநைக் கரையிலுள்ள விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த சிவஞான முனிவர் அடுத்த நூற்றாண்டில் தமிழாக்கினார். தேயு என்னும் வெப்பப் பூதத்தை அந்நூல் நான்காக வகுக்கிறது: விறகில் எரியும் நிலத்துத் தீ, மின்னல் முதலிய வானத்துத் தீ, உணவைச் செரிக்கும் வயிற்றுத் தீ, பொன் முதலாகச் சுரங்கத்தில் கிடைக்கும் தீ. இவற்றுள் வானத்துத் தீக்கு நீரே விறகு என்பது நூலார் கொள்கை. மின்சாரத்தால் இயங்கி, மாவிலுள்ள நீரைப் பற்றிக்கொண்டு சூடாக்கும் பெட்டியை இவ்வகையில் சேர்க்க அவர்கள் தயங்கியிருக்க மாட்டார்கள் என்று வேடிக்கையாகவேனும் சொல்லலாம். வேடிக்கையல்லாத செய்தி ஒன்றும் உண்டு. நிறமும் சூடும் வெளிப்படாத தேயு உண்டென்று நையாயிகர் கொண்டு, கண்ணிலிருந்து செல்லும் ஒளிக்கதிரை அதற்குச் சான்றாகக் காட்டினர். அச்சான்று இன்று ஏற்கத்தக்கதன்று. ஆனால் காணவும் தொட்டுணரவும் இயலாத வெப்பக் காரணம் ஒன்று இருக்கக்கூடும் என்னும் கருத்து அவர்களுக்குப் புதிதன்று என்பது தெளிவு.

இனி வழக்கின் மையத்துக்கு வரலாம். வெப்பச் சேர்க்கையால் நிறம், சுவை, மணம், தொடுவுணர்வு என்னும் நான்கும் மாறிப் புதியன தோன்றுதலைப் பாகசம் என்பர். இது மண்ணின் கூறான பொருள்களுக்கே உரியது, நீர் சூடாவது வந்தேறிய வெப்பத்தால் மட்டுமே என்பது இரு சாராருக்கும் உடன்பாடு. வேறுபாடு, மாற்றம் நிகழும் இடத்தைப் பற்றியது. வைசேடிகர் பீலுபாகம், அதாவது அணுவில் வேகுதல், என்றனர்: தீப் பட்டதும் குடம் அணு அணுவாகப் பிரிந்துவிடுகிறது, தனித்த அணுக்களில் கருமை நீங்கிச் செம்மை பிறக்கிறது, பின்னர் அவ்வணுக்கள் கூடிப் புதுக்குடம் ஆகின்றன. அவற்றைக் கூட்டுவது அக்குடத்தைப் பயன்படுத்தி இன்பதுன்பம் நுகரப்போகும் உயிர்களின் அதிட்டம், அதாவது கண்ணுக்குப் புலப்படாத வினைப்பயன், என்று வைசேடிக உரையாசிரியர் பிரசஸ்தபாதர் வழிவந்தோர் உரைத்தனர். நையாயிகர் பிடரபாகம், அதாவது பாண்டத்தில் வேகுதல், என்றனர்: குடத்தின் நுண்துளைகள் வழியே வெப்பம் ஊடுருவி, குடம் குலையாமலே முழுவதையும் மாற்றுகிறது. கீழ்க்குடம் அணுவாகச் சிதறினால் அதன்மேல் அடுக்கிய குடங்கள் விழுந்திருக்க வேண்டுமல்லவா என்னும் அவர்களது வினா எளியது. பிஸ்கட்டில் முள்கரண்டியால் குத்திய துளைகள் வெந்தபின்னும் அதே இடத்தில் இருப்பதையும் அவர்கள் தம் பக்கச் சான்றாகக் கொண்டிருக்கலாம்.

மைக்ரோவேவில் நிகழ்வது இதனோடு ஒப்பிடத் தக்கது. 2,450 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், அதாவது நொடிக்கு 245 கோடி முறை அலைவுறும் மின்புலத்தில், நீர் மூலக்கூறுகள் அலைக்கழிக்கப்பட்டு அவற்றின் வெப்பம் மாவுக்குப் பரவுகிறது. உள்ளிருந்து வெளியே வேகிறது என்று பலரும் சொல்வது சரியன்று. அலை ஓரிரு சென்டிமீட்டர் ஆழம் செல்வதால் மெல்லிய பிஸ்கட்டின் கனம் முழுவதும் ஒருசேரச் சூடாகிறது, பெட்டிக்குள்ளிருக்கும் காற்று மட்டும் குளிர்ந்தே இருக்கிறது. நீராவி வெளியேறிக்கொண்டிருக்கும்வரை மேற்பரப்பு 100 பாகையை ஒட்டியே நிற்பதால் பொன்னிறம் வருவதில்லை. ஏனெனில், 1912இல் பிரெஞ்சு வேதியியலார் மயார் விளக்கிய, சர்க்கரையும் புரதக் கூறுகளும் வினைபுரிந்து நிறமும் மணமும் தரும் அம்மாற்றம், ஏறத்தாழ 140 பாகைக்கு மேலேதான் விரைந்து நடக்கும். மூலக்கூறுகள் உடைந்து வேறுவிதமாகக் கூடுவதே அது. வைசேடிகரின் அணு இன்றைய மூலக்கூறு அன்று என்பதை நினைவில் கொண்டே ஒன்று சொல்லலாம்: மைக்ரோவேவ் பிஸ்கட்டில் பிடரபாகம் நிறைவாகவும் பீலுபாகம் குறையாகவும் நிகழ்ந்திருக்கிறது. ஒன்றையொன்று விலக்குவனவாக இரு பள்ளிகளும் கொண்டவை ஒரே பண்டத்தின் இருவேறு மாற்றங்களாக இருந்திருக்கின்றன. மாவுப்பொருள் இறுகுவதிலும் மூலக்கூறு மாற்றம் உண்டென்பதால் இக்கூற்றை அளவுக்குமேல் நீட்டக்கூடாது.

நிறம் வராததால் அது வேகவில்லை என்று தள்ளுவோர் மண்டைக்காட்டுப் பகவதி கோயில் வழக்கத்தை எண்ணிப்பார்க்க வேண்டும். பகவதிக்குத் தலைநோய் தீர வேண்டிப் படைக்கும் மண்டையப்பம் ஆவியில் வேகுவது. இலையில் பொதிந்து அவிக்கும் கொழுக்கட்டையும் அவ்வாறே. ஆவியின் சூடும் 100 பாகையைத் தாண்டுவதில்லை. அவை பொன்னிறம் கொள்வதில்லை. அவற்றை வேகாதவை என்று அம்மனுக்கு மறுத்தவர் எவருமில்லை.

சைவ சித்தாந்தம் இவ்விரு கொள்கைகளையும் முழுதாக ஏற்பதில்லை. இல்லாதது தோன்றாது, உள்ளதே வெளிப்படும் என்னும் சற்காரிய வாதம் அதன் அடிப்படையாதலால், புதிய நிறம் பிறந்தது என்னும் பேச்சை அது ஒப்பாது. பொன்னிறம் மாவிலேயே மறைந்திருந்தது என்றே சொல்லும். வெளிறிய அதே பிஸ்கட்டை வாணலியிலோ கிரில் கம்பியின் கீழோ வைத்தால் சிறிது நேரத்தில் நிறம் ஏறுவது இக்கொள்கைக்கு இசைகிறது. உயிரைப் பிணித்த ஆணவ மலம் பக்குவப்படுதலாகிய மலபரிபாகத்தையும் சித்தாந்திகள் இவ்வாறே கண்டனர்: மலம் அழிந்து வேறொன்று பிறப்பதில்லை, அதன் ஆற்றல் அடங்க, உயிரில் முன்னமே உள்ள அறிவு விளங்குகிறது. பக்குவம் எத்துணை விரைவில் வந்தது என்பது அங்கே அளவுகோலன்று. வந்ததா என்பதே அளவுகோல்.

ஆகவே மைக்ரோவேவ் பிஸ்கட் வெந்த பண்டமே; நால்வகை மாற்றங்களுள் நிறமும் மணமும் அதில் குறைப்பட்டிருக்கின்றன, அவ்வளவே. பெரிய பிஸ்கட் ஆலைகள் சிலவற்றில் நிறம் ஏற்றுவதும் உள்ளீரம் போக்குவதும் பிரித்தே செய்யப்படுகின்றன: முதலில் அனல் அடுப்பு நிறத்தைத் தருகிறது, பிறகு 27.12 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை நடுவில் தங்கிய ஈரத்தை வாங்கி, பிஸ்கட் பின்னர் விரிசல் விடாமல் காக்கிறது.