ஈடும் மீட்பும்

சில வருஷங்களுக்கு முன் ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி எழுதுகையில், அதன் பிற்பகுதிக் கவிதைகளில் 'என்ட்ரோபி' கூடியிருக்கிறது என்று குறிப்பிட்டேன். சரிவு என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அலுப்பாயிருந்தது என்று சொல்லியிருந்தால் இன்னும் உண்மையாயிருக்கும். கவிஞர் நண்பர், பௌதிகம் படித்தவர். ஒரு கார்டில் கேட்டிருந்தார்: 'இரண்டாம் விதியைப் பிடித்துக்கொண்டீர். முதல் விதி உமக்கு என்ன செய்கிறது?' பதில் எழுதவில்லை. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. வாங்கியவனிடம் பதில் இல்லை என்பதே காரணம். 1959இல் கேம்பிரிட்ஜில் 'இரு கலாசாரங்கள்' பற்றிப் பேசிய ஸி.பி. ஸ்நோ, இலக்கியக்காரர்களைக் கிண்டல் செய்தது இந்த இரண்டாம் விதியை வைத்துத்தான். அது தெரியாமலிருப்பது ஷேக்ஸ்பியரைப் படிக்காமலிருப்பதற்குச் சமம் என்கிற ரீதியில் பேசினார். அவரும் ஒரு விதியைத்தான் கேட்டார். விதிகளுக்குள் என்ன உறவு என்று கேட்டிருந்தால் கேள்வி இன்னும் கூர்மையாக இருந்திருக்கும் என்று இப்போது படுகிறது.

இந்த உறவின் சரித்திரமே விசித்திரமானது. 1824இல் ஸாதி கார்னோ என்ற பிரெஞ்சு எஞ்சினியர் நீராவி எஞ்சின்களைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். உஷ்ணம் என்பது ஒரு திரவம் போன்றது, அது செலவாவதில்லை, மேலிருந்து கீழே விழும் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றுவதுபோல் சூட்டிலிருந்து குளிர்ச்சிக்கு இறங்குகையில் வேலை செய்கிறது என்று அதில் எடுத்துக்கொண்டார். இந்த அடிப்படை தவறு. வேலை உஷ்ணமாக மாறும் என்பதை 1840களில் ஜூல் தண்ணீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றிக் காட்டினார். ஆனால் கார்னோவின் முடிவு நின்றது: எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்த எஞ்சினாக இருந்தாலும், இரண்டு வெப்பநிலைகள் விதிக்கும் வரம்பை அது தாண்டமுடியாது. ஆக, இரண்டாம் விதியின் கரு முதல் விதிக்கு முந்தியே பிறந்துவிட்டது. அதுவும் முதல் விதிக்கு ஒவ்வாத ஒரு நம்பிக்கையின் வயிற்றில். கார்னோ 1832இல், 36 வயதில், காலராவில் இறந்தார். 1878இல் தம்பி வெளியிட்ட குறிப்புகளைப் பார்த்தால், அந்தத் திரவக் கொள்கையை அவரே கைவிட்டிருந்தது தெரிகிறது.

ஜூலா கார்னோவா என்று சண்டை வந்தபோது, தேர்வு செய்யவேண்டியதில்லை என்று 1850இல் காட்டியவர் கிளாஸியஸ். அளவு குறைவதில்லை என்பது ஒரு விதி. போகும் திசை வேறொரு விதி. ஒன்றிலிருந்து மற்றதை வருவிக்க முடியாது. என்ட்ரோபி என்ற பெயரை அவர் வைத்தது 1865இல். மூன்றாவது விதி நெர்ன்ஸ்டுடையது, 1906. ஒரு மூன்றாம் பொருளோடு தனித்தனியே வெப்பச் சமநிலையில் இருக்கும் இரண்டு பொருள்கள் தமக்குள்ளும் அப்படியே இருக்கும் என்பது இவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்கவேண்டிய விதி. அது இல்லாமல் வெப்பநிலை என்ற சொல்லுக்கே அர்த்தமில்லை. ஆனால் அதற்கு எண் கிடைத்தது 1930களில்தான். ஒன்று ஏற்கனவே போய்விட்டதால் பூஜ்யம் கொடுத்தார்கள். முன்னுரையைக் கடைசியில் எழுதுவது நமக்கும் பழக்கம்தானே.

முதல் விதி குமாஸ்தாவின் விதி. டம்ளரில் காப்பி ஆறுகிறது. காப்பி இழந்த சக்தி அறையின் காற்றில் இருக்கிறது. பற்றும் வரவும் சரி. அந்தக் காற்று வாங்கியதைத் திருப்பிக் கொடுத்து, காப்பி தானாகவே மீண்டும் கொதித்தால்? முதல் விதிக்கு ஆட்சேபணை இல்லை. அப்போதும் கணக்கு சரியாகவே இருக்கும். தடுப்பது இரண்டாம் விதி மட்டும்தான்.

இது எனக்குப் புத்தகத்திலிருந்து புரியவில்லை. எங்கள் கிளையில் ஒரு அம்மாள் சங்கிலியை அடகு வைத்திருந்தார். வீடு மாறியதை கவுண்டரில் என்னிடம்தான் சொன்னார். விலாச மாற்றத்துக்குப் படிவம் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். அவருக்கு எழுதத் தெரியாது. வரிசை நீளமாயிருந்தது, நான் எழுதித் தரவில்லை. பிறகு போன நோட்டீஸ்களெல்லாம் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பின. ஏலம் விதிப்படி நடந்தது. கடனும் வட்டியும் செலவும் போக மிஞ்சியது 3,140 ரூபாய், அதைக் கொடுத்தோம். எண்ணிப் பார்த்துவிட்டு, 'பணம் சரியாத்தான் இருக்கு தம்பி. சங்கிலி எங்கே?' என்றார். உருக்கியிருப்பார்கள். தங்கம் அழியவில்லை, எங்கோ பத்திரமாக இருக்கிறது. அவருடையது எது என்ற கேள்விதான் இல்லாமலாகிவிட்டது. அன்று சாயங்காலம் கணக்கு ஒரு பைசா பிசகாமல் முடிந்தது. முடித்தவன் நான்.

உவமையில் ஏற்கனவே ஒருமுறை சுட்டுக்கொண்டவன். சங்கிலி உருகியது அறத்துக்கு பௌதிக நிரூபணம் என்று சொல்லமாட்டேன். பூரண பூஜ்யத்தை எட்ட முடியாது என்கிற மூன்றாம் விதியிலிருந்து மாசற்ற கை யாருக்கும் இல்லை என்று ஒரு வாக்கியம் செய்யவும் ஆசை வருகிறது. அடக்கிக்கொள்கிறேன். நான் கடன் வாங்குவது அந்த உறவை மட்டும்: இரண்டும் உண்மை, ஒன்று மற்றதற்கு ஜாமீன் அல்ல. நம் ஒழுக்கச் சிந்தனை பெரும்பாலும் முதல் விதியோடு நின்றுவிடுகிறது. வினைக் கோட்பாடு ஒரு பேரேடு, எதுவும் விட்டுப்போகாது. கோர்ட் தரும் நஷ்டஈடும் அதே ஏட்டில் ஒரு பக்கம். இவான் கரமஸோவ் தன் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, கடைசியில் கணக்கு நேராகும் என்பதை அவன் மறுக்கவில்லை. நேரான பிறகும் குழந்தை அழுதது அழுததுதான் என்றான்.

இதனால் எதையும் சரிசெய்யவே முடியாது என்று முடிவு கட்டுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சோகம் நம் பத்திரிகைகளில் மலிவாகக் கிடைக்கிறது. குளிர்ச்சியிலிருந்து சூட்டுக்கு உஷ்ணம் தானாகப் போகாது என்பதே விதி. 'தானாக' என்ற சொல்லை விட்டுவிட்டுப் படிக்கிறோம். ஃபிரிஜ் அதைத் தினமும் செய்கிறது. பின்புறம் கைவைத்தால் சுடும். ஒன்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம், வேறெங்கோ ஒரு மாற்றம் மிஞ்சும். மன்னிப்பு சாத்தியமா என்று நாம் விவாதிக்கிறோம். எனக்குள்ள கேள்வி, மன்னிக்கும்போது அந்தச் சூடு யார் பக்கம் போகிறது என்பது. அநேகமாக மன்னிப்பவர் பக்கம்தான். மன்னிப்புக் கேட்பவன் அதையும் அவர்மேல் ஏற்றிவிட்டுத்தான் வருகிறான். அந்த அம்மாளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இதனாலா, கோழைத்தனத்தாலா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

இப்போது விலாச மாற்றப் படிவங்களை நானே எழுதிக் கொடுக்கிறேன். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவர் பிறகு கிளைக்கு வரவில்லை.