துணி போர்த்துமுன்

நண்பனுடைய உழைப்பில் ஒரு குறையைக் கண்டால் சொல்லிவிட வேண்டுமா? அவன் மனம் நோகும் என்று தெரிந்தும் சொல்லத்தான் வேண்டுமா? இந்தக் கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வேறு சில மனிதர்களைப் பார்ப்போம்.

ஆகாய விமானத்தை வீட்டிலேயே கட்டுகிறவர்கள் உண்டு என்றால் நம்மில் பலர் சிரிப்பார்கள். அமெரிக்காவில் அத்தகையவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பகலெல்லாம் ஏதோ ஓர் உத்தியோகம். இரவில் கார் கொட்டகையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, மரத்தை இழைத்தும் தகட்டில் ரிவெட் அடித்தும், ஐந்து வருஷம், பத்து வருஷம் என்று ஒரு சிறு விமானத்தை உருவாக்குகிறார்கள். 1953-ம் ஆண்டு மில்வாக்கி நகரில் பால் போபரெஸ்னி என்பவர் இவர்களுக்காக ‘எக்ஸ்பெரிமெண்டல் ஏர்கிராஃப்ட் அசோஸியேஷன்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார். ஆரம்ப காலத்தில் அவர் வீட்டு நிலவறைதான் அதற்குக் காரியாலயம். இன்று ஊருக்கு ஊர் அதற்குக் கிளைகள்.

கிளை நடத்துவது என்றால் என்ன? கூட்டத்துக்கு ஆள் சேர்க்க வேண்டும், நாற்காலி போட வேண்டும், சந்தா கேட்க வேண்டும். நம் ஊரில் வாசகசாலை நடத்தியவர்களுக்கு இந்தத் தொல்லைகள் புதியவை அல்ல. ஆனால் வாசகசாலையில் கணக்குத் தவறினால் பணம் போகும். அங்கே ஓர் ஒட்டுத் தவறினால் உயிர் போகும்.

அந்நாட்டுச் சட்டம் தாராளமானது. கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ விமானத்தின் பெரும்பகுதியைத் தானே செய்தவனுக்கு அதில் பறக்க அனுமதி கொடுக்கிறது. கட்டி முடித்ததை அரசாங்கத்தின் சார்பில் ஒருவர் வந்து பார்வையிடுகிறார். ஆரம்பச் சோதனைகள் முடியும்வரை பயணிகளை ஏற்றக்கூடாது. இது பொழுதுபோக்காகக் கட்டியது, வழக்கமான விமானங்களின் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்று உள்ளே, ஏறுகிறவர் கண்ணில் படும்படி எழுதி வைக்கவும் வேண்டும். சட்டம் பயணியை எச்சரிக்கிறது. கட்டுகிறவனை யார் எச்சரிப்பது?

சங்கத்தில் தொழில்நுட்ப ஆலோசகர்கள் என்று சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. கூப்பிட்டால் வருவார்கள், கண்டதைச் சொல்வார்கள். தடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

மரத்தால் செய்த இறக்கைக் கூட்டின்மேல் துணி போர்த்துவது ஒரு முறை. போர்த்திவிட்டால் உள்ளே இருக்கும் ஒட்டுகளைப் பார்ப்பது அரிது. ஒரு கிளைத் தலைவர், அவரே ஆலோசகரும்கூட, நண்பர் வீட்டுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏழு வருஷ உழைப்பு எதிரே நிற்கிறது. நண்பரின் மனைவி காப்பி கொண்டுவருகிறாள். மகன் பெருமை பொங்க அருகில் நிற்கிறான். தலைவரின் கண் ஓர் ஒட்டில் போய் நிற்கிறது. பசை போட்ட அன்று குளிர் அதிகம் போலிருக்கிறது, சரியாக இறுகவில்லை. சொன்னால் பல மாத வேலையைப் பிரிக்க வேண்டும். நண்பர் சங்கத்துப் பக்கமே வராமல் போகலாம். சொல்லாவிட்டால்?

‘அவன் உயிர், அவன் உரிமை’ என்று ஒரு கட்சி உண்டு. எனக்கும் அதில் மரியாதை உண்டு. ஆனால் ஆபத்தைத் தெரிந்துகொண்டு துணிகிறவனுக்கல்லவா அந்த உரிமை பொருந்தும்? தெரியாதவனிடம் உண்மையை மறைத்துவிட்டு, ‘அது அவன் சுதந்திரம்’ என்று நாம் விலகிக்கொள்வது கோழைத்தனம்.

அதற்காகத் தலைவர் போலீஸ்காரராகிவிடலாமா? ஆகிவிட்டால் அடுத்த முறை எவனும் கொட்டகைக் கதவைத் திறக்கமாட்டான். அதிகாரம் இல்லாததால்தானே அவரை உள்ளே விடுகிறார்கள்! ஆகவே அவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். வேண்டுமானால் இரண்டாம் முறையும் சொல்ல வேண்டும். பிரிக்கும்போது கூட நின்று கை கொடுக்க வேண்டும். முடிவு மற்றவனுடையது.

இப்போது என் கதை. பல வருஷங்களுக்குமுன் ஒரு நண்பர் தம் நாவலின் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். நடுவில் கதை இற்றுக் கிடந்தது. எனக்கு அது தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். “நன்றாக வந்திருக்கிறது” என்றேன். மனைவியின் வளையல்களை அடகு வைத்து அவரே அச்சிட்டார். கட்டுக்கட்டாகப் பரணில் ஏறின. பின்னொரு நாள், கோபமே இல்லாமல் கேட்டார்: “உங்களுக்கு அப்போதே தெரிந்திருக்குமே?” நான் பதில் சொல்லவில்லை. அன்று நான் காப்பாற்றியது அவர் மனத்தை அல்ல. என் நல்ல பெயரை.

விமானம் கட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பசை கலக்கும்போதெல்லாம் இரண்டு மரத்துண்டுகளைத் தனியே ஒட்டி வைத்து, காய்ந்தபின் உடைத்துப் பார்ப்பார்கள். பசை விட்டால் ஒட்டுச் சரியில்லை. மரமே பிளந்து ஒட்டு நின்றால் நம்பலாம். நட்பையும் அப்படிச் சோதித்துப் பார்க்க நாம் பயப்படுகிறோம். அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பவன் பெரும்பாலும் நாமல்ல. நம்மை நம்பிக் கதவைத் திறந்தவன்.