பாணனுக்கு ஒரு நியாயம்

நாலைந்து எழுத்தாளர்கள் ஒன்றாக உட்கார்ந்தால் கதை வாசிப்பார்கள். இரண்டாவது கதை முடிவதற்குள் யாராவது பாட்டிலைத் திறப்பார்கள். ரகசியமில்லை, உங்களுக்கும் தெரியும். மரக்காணத்தில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் அப்படி ஒரு சாயங்காலம். எதிரே உப்பளப் பாத்திகள், கீற்று போர்த்திய உப்புக் குவியல்கள்.

முதல் கிளாஸிலேயே ஒருவர் சிறுபாணாற்றுப்படையை இழுத்தார். நியாயம்தான். நல்லூர் நத்தத்தனார் பாணனை ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனிடம் அனுப்புகிற வழியில் எயிற்பட்டினம் வருகிறது. அது இந்த மரக்காணம்தான் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். அலை கொண்டுவந்து போட்ட வாசனைக் கட்டை, ஒட்டகம் தூங்குகிற மாதிரிக் கிடக்கிறது. அதையே விறகாக்கித் தீ மூட்டுகிறார்கள். நுளையர் பெண் வடித்த பழங்கள்ளைப் பரதவர் ஊற்றித் தருகிறார்கள். வீட்டுக்கு வீடு சுட்ட குழல்மீன் வேறு! "பார்த்தீங்களா, நம்ம மரபே இதுதான்" என்றார் நண்பர். கிளாஸ்கள் மோதிக்கொண்டன.

அதே பாட்டில் கொஞ்சம் முன்னால் ஒரு அடுப்படியும் வருகிறது. குப்பையில் முளைத்த கீரையைப் பறித்து, உப்பில்லாமல் வேகவைத்து, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கதவைச் சாத்திக்கொண்டு சுற்றமெல்லாம் சேர்ந்து சாப்பிடுகிறது. அந்தக் கதவைப் பற்றி எங்களில் ஒருவரும் பேசவில்லை. கள்ளோடு நிறுத்திக்கொண்டோம்.

மீன் வறுத்துக் கொடுத்தவர் ஓர் உப்பளத் தொழிலாளி. ஒரு கதையில் குடித்தே அழிகிற உப்பளத்துக்காரன் வந்தான். மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "கால் எரிச்சல் எழுதலியே சார். பொழுதுக்கும் உப்புத் தண்ணியில நின்னா ராத்திரி தூக்கம் வராது" என்றார். அவருக்கும் ஊற்றலாமா என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் தாழ்ந்த குரலில், "வேணாம்ப்பா, பழகிடுவாங்க" என்றார். நாங்கள் பழகி இருபது வருஷம் இருக்கும்!

எக்கியார்குப்பம் அங்கிருந்து பக்கம்தான். 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயத்தால் மரக்காணம் பகுதியில் 14 பேர் இறந்தார்கள். மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. எறும்பு கடித்தால் சுரீரென்கிறதே, அந்த அமிலம்தான். முதலில் பார்வையைக் கெடுக்கும். குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று அரசு அறிவித்ததும், 'குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்கு?' என்று கேட்டவர்கள் ஏராளம். நீங்களும் கேட்டிருக்கலாம். நான் கேட்டேன்.

பாணன் குடித்தால் பண்பாடு, எழுத்தாளன் குடித்தால் சுவாரசியம், கால் எரிகிறவன் குடித்தால் மட்டும் ஒழுக்கக்கேடு. இந்தக் கணக்கை எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அப்படியானால் அன்று அவருக்கு ஊற்றியிருக்க வேண்டுமா? 14 பேரைப் பறிகொடுத்த கரையில் 'வேணாம்' என்பது அக்கறையாகக்கூட இருக்கலாம். எங்கள் கிளாஸ்களையும் கவிழ்த்து வைத்திருந்தால் அதை நானே நம்பியிருப்பேன்.

ஒன்பது மணிக்கு அவர் சைக்கிளை எடுத்தார். விடிவதற்குள் பாத்தியில் நிற்க வேண்டுமாம். எந்தக் கதை பிடித்தது என்று அவரிடம் நாங்கள் கேட்கவில்லை.