பள்ளி செல்லாக் குழந்தை

2022 மே மாதத்தில் ஒரு நாள் காலை, பதினோரு மணி இருக்கும். மாடியில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். கீழே வாசலில் ஒருவர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கும் குரல் கேட்டது. தோளில் பை, கையில் கிளிப் போட்ட அட்டை. வட்டார வள மையத்திலிருந்து வந்த ஆசிரியர் பயிற்றுநர். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு. "பாப்பா எந்த ஸ்கூல்ல படிக்கா?" என்று கேட்டிருக்கிறார். பதில் சொல்லத் தெரியாமல் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

நான் லேப்டாப்போடு இறங்கினேன். கொரோனாவில் சென்னையை விட்டுச் சிவகாசிக்குத் திரும்பியவர்கள் நாங்கள். மகள் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய வருடம் பள்ளிகள் மூடியிருந்தன. நானும் மனைவியும் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தோம். 2021 நவம்பரில் ஒன்று முதல் எட்டு வரைக்கும் பள்ளிகள் திறந்தபோது அனுப்பத் தோன்றவில்லை, அவள் அவ்வளவு நன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். நானே எழுதிய பதிவேட்டுச் செயலியையும் திறந்து காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். ஆனா எங்க ஃபார்ம்ல ரெண்டே கட்டம்தான். பள்ளியில இருக்காளா, இல்லையா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் போன பிறகு அம்மாவிடம் பொரிந்தேன். என் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாதா, படித்த ஆளிடம் வந்து இப்படியா கேட்பது என்றெல்லாம். அம்மா வெங்காயம் உரித்தபடியே கேட்டாள், "எங்க வீட்டு வாசல்ல இப்பிடி ஒருத்தி வந்து நின்னு கேட்டிருந்தா, நான் அஞ்சாப்போட நின்னிருப்பனாய்யா?"

சிவகாசியில் பகல் பதினோரு மணிக்கு ஒரு குழந்தை வீட்டில் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்த காலம் உண்டு. எழுபதுகளில் என் அம்மா அப்படித்தான் இருந்தாள். முன்னால் பசைக் கிண்ணம், பக்கத்தில் தீப்பெட்டிக் குவியல். கூலி குரோஸ் கணக்கு, ஒரு குரோஸுக்கு 144 பெட்டி. ஏஜெண்டின் நோட்டில் பாட்டியின் பெயர் மட்டும்தான் இருக்கும். அந்தப் பெயருக்கு நேராக எழுதிய எண்ணிக்கையில் அம்மாவின் கை, சித்தியின் கை, மாமாவின் கை எல்லாம் சேர்ந்திருக்கும். கணக்கில் ஒரு பெட்டிகூடத் தப்பாது. பிள்ளைகள் மட்டும் அதில் இல்லை.

பாட்டி கொடுமைக்காரி அல்ல. பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருந்தாள். இதைத்தான் நான் யோசிக்கத் தவறியிருந்தேன். 'என் பிள்ளைக்கு நல்லது எனக்குத் தெரியும்' என்று பாட்டியும் சொல்லியிருப்பாள், மனசாரச் சொல்லியிருப்பாள். அதே வாக்கியத்தை நான் ஆங்கிலம் கலந்து சொன்னால் நம்ப வேண்டும், அவள் சொன்னால் நம்பக் கூடாது என்றால், அந்த நம்பிக்கை பாசத்தைப் பார்த்து வருவதில்லை, சம்பளத்தைப் பார்த்து வருகிறது.

மைரன் வீனர் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1991இல் இந்தியக் குழந்தைகளும் அரசும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சிவகாசியும் அதில் வருகிறது. கட்டாயக் கல்வி இங்கே வராமல் போனதற்கு ஏழ்மையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது, 'ஏழைப் பிள்ளைகள் வேலை பார்ப்பது இயல்புதானே' என்று படித்தவர்களும் அதிகாரிகளும் நினைத்ததுதான் பெரிய காரணம் என்பது அவர் வாதம். அந்த எண்ணத்தோடு சண்டை போட்டுத்தான் ஒவ்வொன்றாக வந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம். 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம், முதலில் எடுத்துக்கொண்ட ஒருசில இடங்களில் சிவகாசியும் ஒன்று. 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கின் தீர்ப்பு: ஆபத்தான தொழிலில் ஒரு குழந்தையை வைத்திருந்தால் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், ஆறு மாதத்துக்குள் கணக்கெடுப்பை முடிக்க வேண்டும். சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடுத்த வழக்கு அது. வாசலில் அட்டையோடு வந்து நின்றவர் இந்த வரிசையில் வந்தவர். நான் அவரை ஒரு தொந்தரவாகப் பார்த்திருக்கிறேன்.

அரசே 'வீடும் பள்ளிதான்' என்று சொன்ன காலமும் இங்கே உண்டு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தினம் மூன்று மணி நேரம்தான் பள்ளி. மீதி நேரம் வீட்டில் இருந்து பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம். எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வித் திட்டம் என்றார்கள். ராஜாஜி பதவி விலகி, 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அவர் இந்த விருதுநகர்க்காரர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். அந்த அம்மாவின் ஃபார்மில் போட்டால் அவரும் இரண்டாவது கட்டம்தான். வீட்டுக்கல்வி பற்றி வரும் ஆங்கிலப் புத்தகங்களில் 'சுதந்திரம்' என்ற சொல் தாராளமாக வரும். அவற்றைச் சிவகாசியில் உட்கார்ந்து படிக்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

பாடத்திட்ட விஷயத்துக்கு வருகிறேன். தமிழுக்குத் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகம், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கணக்குக்கு ஒரு வெளிநாட்டுப் பயிற்சி நூல். அதில் பனிமனிதனும் சென்ட் நாணயங்களும் வரும். மாற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஊருக்கேற்ற கணக்கு வேண்டுமல்லவா? தீப்பெட்டி, டஜன், குரோஸ் என்று பன்னிரண்டாம் வாய்ப்பாட்டுக்கு ஒரு தாள் தயாரித்தேன். மூன்றரை குரோஸுக்கு எத்தனை பெட்டி? மகள் விரல் மடக்குவதற்குள் அடுப்படியிலிருந்து அம்மா, "ஐந்நூத்தி நாலு" என்றாள். நான் கைதட்டினேன். அம்மா சிரிக்கவில்லை. "இந்தக் கணக்கு இவளுக்கு வேண்டாம்யா. வேற ஏதாச்சும் போடு" என்றாள்.

வாழ்க்கையிலிருந்து பாடம் எடு, கைத்தொழிலோடு கல்வியைச் சேர் என்று காந்தி 1937இல் சொன்னபோது அது பெரிய சிந்தனை. இன்றும்தான். ஆனால் யாருடைய வாழ்க்கை? குரோஸ் எனக்கு உள்ளூர் மணம், அம்மாவுக்கு விரலில் காய்ந்த பசை. இரண்டு நாள் யோசித்துவிட்டு அந்தத் தாளை எடுத்துவிட்டேன். அது சரிதானா என்பதில் எனக்கு இப்போதும் குழப்பம் உண்டு. பேத்திக்கு ஊர்க்கதை தெரியாமலா போக வேண்டும்? தெரியட்டும், அம்மா வாயால் தெரியட்டும், கணக்குத் தாளில் வேண்டாம் என்று அப்போதைக்கு முடிவு செய்தேன்.

செயலியின் கதை இதைவிட மோசம். ஒவ்வொரு திறனுக்கும் ஒரு கட்டம், கற்றுக்கொண்டால் பச்சை. ஒரு வெள்ளிக்கிழமை இரவு பார்த்தால் அந்த வாரம் முழுக்க வெறுமையாக இருந்தது. ஆபீஸில் ரிலீஸ் வேலை, பிள்ளையோடு உட்காரவே இல்லை. 'கடிகாரம் பார்த்தல்' என்ற கட்டத்தைப் பச்சையாக்கினேன். அவளுக்கு மணி பார்க்க அரைகுறையாகத்தான் தெரியும். மனைவி எட்டிப் பார்த்து, "யாருக்குங்க இந்த ரிப்போர்ட்?" என்றாள்.

என் தொழிலில் நான் எழுதிய நிரலை நானே சரிபார்த்து ஏற்றிவிட முடியாது. இன்னொருவர் படித்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். அயோக்கியன் என்று யாரும் என்னைச் சந்தேகப்படுவதில்லை. தன் தப்பு தனக்குத் தெரியாது என்பதால்தான் அந்த ஏற்பாடு. வீட்டில் நானே ஆசிரியர், நானே தேர்வர், நானே தலைமையாசிரியர். பாட்டியின் பெயருக்கு நேராக ஏஜெண்ட் எழுதிய நோட்டுக்கும் என் பச்சைக் கட்டங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் குழந்தையின் குரல் கிடையாது.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதினான்கு வயதில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது முடிந்தால் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். ஆனால் அதுவரைக்கும்? ஆறு வயதுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் என் மகள் எப்படி இருக்கிறாள் என்று என்னைத் தவிர யாருக்குத் தெரியும்?

அடுத்த வாரம் கடைத்தெருவில் ஒரு நீளப் பதிவேடு வாங்கினேன், இதே ஊரில் அச்சடித்தது. தேதி, என்ன செய்தோம், என்ன வரவில்லை என்று மூன்று பத்தி. கடைசிப் பத்தியை மகளுக்கு விட்டேன். முதல் நாள் அதில் "அப்பா போன் பேசினார்" என்று எழுதினாள்.

பயிற்றுநர் அம்மா ஜூனில் மறுபடி வந்தார். பதிவேட்டைக் கொடுத்து, மகளோடு தனியாகக் கொஞ்ச நேரம் உட்கார முடியுமா என்று கேட்டேன். தன் வேலையில் அது வராது என்றார், ஆனாலும் உட்கார்ந்தார். நானும் மனைவியும் மாடிக்குப் போய்விட்டோம். முக்கால் மணி நேரம் கழித்து இறங்கியபோது அவர் ஃபார்மை எடுத்து எழுதிக்கொண்டிருந்தார். "வேற கட்டம் இல்ல சார். பள்ளி செல்லாக் குழந்தைன்னுதான் போடணும். அப்புறம் திரும்பத் திரும்ப வந்து கேப்போம், பரவால்லையா?"

வாங்க என்றேன்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். "இவ பேரு எங்க இருக்கு?" என்றாள். அவர் விரல் வைத்துக் காட்டினார்.