ஈரலுக்குக் குலம் உண்டா?

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே, தறியோசையும் ஓயாத, தரித்திரமும் ஓயாத சிற்றூர் ஒன்று. அங்கே அண்ணனும் தம்பியும் காசநோய்க்கு ஒரே மருந்தை உண்டனர். அண்ணனுக்கு உள்ளங்கால் எரிந்தது, தம்பிக்கு ஒன்றுமில்லை. குலதெய்வத்துக்கு வைத்த குறை என்றது தெரு. "ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்; மருந்தும் ஒன்றே. பலன் மட்டும் ஏனப்பா இரண்டு?" என்று நம்மை மடக்கினார் ஒரு பெரியவர். நாம் படித்தது கலைப்பாடம். எனினும், தேடினோம், விடை சென்னையிலேயே இருந்தது.

1956இல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு நிலையம், இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். மருத்துவமனையில் கிடந்தாலும் குடிசையிலிருந்தே மருந்துண்டாலும் நோய் ஏறத்தாழ ஒன்றுபோல் குணமாகிறது என்று 1959இல் உலகுக்குக் காட்டியது அதுவே. ஐசோனியசிட் என்னும் மருந்தை உடல் என்ன செய்கிறது என்றும் அங்கே ஆராய்ந்தனர். அளந்து மருந்து கொடுப்பர். குறித்த மணிகளில் சிறிது குருதி எடுப்பர், அல்லது சிறுநீரைச் சேர்ப்பர். மருந்து எவ்வளவு மீந்தது, எவ்வளவு உருமாறியது என அளப்பர். கல்லீரலை அறுக்கவேண்டியதில்லை, அதன் வேலைக் கணக்கு முழுதும் அந்தச் சோதனைக் குழாயில்!

கல்லீரலின் நொதி ஒன்று அசெட்டைல் என்னும் வேதித்துணுக்கை ஒட்டி இம்மருந்தின் வலிமையைப் போக்குகிறது. சிலருக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதி மருந்து மறைகிறது. சிலருக்கு மூன்று மணி நேரமும் ஆகிறது. தென்னிந்தியருள் 100க்கு ஏறத்தாழ 60 பேர் மெதுவானவர். ஜப்பானியருள் 10 பேர் அளவே. மெதுவானவர்க்கு மருந்து தேங்கி நரம்பு கெடக்கூடும். பி6 வைட்டமின் அதைத் தடுக்கும். வாரம் ஒருமுறை மட்டும் கொடுத்துப் பார்த்தபோதோ, விரைவானவரே பின்தங்கினர்.

"பார்த்தீரா, பிறப்பிலேயே வேற்றுமை!" என்று துள்ளி எழுவோர் உண்டு. அவர்களை மறுப்பதற்காக உண்மையை மறைக்கலாமா? கூடாது, தோழர்களே! இவ்வேற்றுமை பெற்றோர்வழி வருவதே. ஆனால், எப்படி வருகிறது? தாய், தந்தை இருவரிடமிருந்தும் மெதுவான கூறு வந்தால்தான் பிள்ளை மெதுவானவன். ஆகவேதான் ஒரே கலத்தில் உண்டு வளர்ந்த உடன்பிறந்தாரும் இதில் பிரிகின்றனர். குலத்தைக் கேட்டு இன்னார் இன்ன வகை என எவரால் சொல்ல முடியும்? அவரவர் குருதியை எடுத்தல்லவா பார்க்கவேண்டும்!

சமத்துவம் பேசும் நாமும் இடறுகிறோம். வகுப்பில் நாற்பது பேருக்கும் ஒரே வேகத்தில் பாடத்தை ஓட்டிவிட்டு, பின்தங்கியவனை மக்கு என்று நாமே திட்டியிருக்கிறோம். ஒரே மாத்திரையை நீட்டிவிட்டு, நீதி செய்தோம் என நிமிர்ந்து நிற்பது எளிது. கால் எரிகிறதா என்று கேட்டோமா?

அண்ணனுக்கு மருத்துவர் மருந்தை நிறுத்தவில்லை. பி6 மாத்திரையைச் சேர்த்தார். எரிச்சல் மெல்லத் தணிந்தது. அவர் மெதுவானவராக இருக்கலாம். சோதிக்காமல் நாம் சொல்வதற்கில்லை. இதையெல்லாம் பெரியவரிடம் விளக்கினோம். நெடுநேரம் எண்ணியிருந்தவர், "அப்படியானால் நான் எந்த வகை?" என்றார்.

"சோதித்தால்தான் தெரியும், ஐயா" என்றோம்.