சிஸ்டம் எடுக்கல சார்

விண்கலம் வந்தால் அறிவியல் புனைவு, டிராகன் வந்தால் மிகுபுனைவு. நண்பர்களோடு பேசும்போது விவாதம் பெரும்பாலும் இந்த இடத்திலேயே முடிந்துவிடும், யாராவது ‘ஸ்டார் வார்ஸ்’ பேச்சை எடுக்கும்வரை. 1977இல் வந்த முதல் படத்தில் விண்கலம், ரோபோ எல்லாமே உண்டு. ஆனால் கடைசித் தாக்குதலில் லூக் குறிபார்க்கும் கணினியை அணைத்துவிட்டு, ‘ஃபோர்ஸ்’ எனும் ஆற்றலை நம்பிச் சுடுகிறான். குறி தப்பவில்லை. பொறியாளனாகப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும் காட்சி. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கைதட்டத்தான் தோன்றுகிறது.

1999இல் வந்த ‘தி ஃபேன்டம் மெனஸ்’ படத்தில் அதே ஃபோர்ஸை ரத்தப் பரிசோதனையில் எண்ணுகிறார்கள். ஒரு சிறுவனுக்கு 20,000க்கும் மேல். பழைய ரசிகர்கள் பலருக்குக் கோபம். அறிவியல் விளக்கம் கிடைத்ததற்கு யாராவது கோபப்படுவார்களா? படுவார்கள். அதுவரை அந்த உலகம் லூக்கின் மனதைப் பார்த்துப் பதில் சொன்னது; இப்போது ரத்தத்தை எண்ணுகிறது.

இரண்டுக்குமான கோட்டை நான் இங்கேதான் போடுவேன். மிகுபுனைவின் உலகத்துக்கு நீங்கள் யார் என்று தெரியும். உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய ‘எ விசர்ட் ஆஃப் எர்த்சீ’ நாவலில், கெட் என்ற இளைஞன் செருக்கினால் ஒரு நிழலை உலகுக்குள் விட்டுவிடுகிறான். கடைசியில் அதைத் தன் சொந்தப் பெயர் சொல்லி அழைக்கிறான். அப்போதுதான் முடிவு வருகிறது. அங்கே பெயரும் வாக்கும் செருக்கும் இயற்பியல் விசைகளைப்போல வேலை செய்கின்றன. அறிவியல் புனைவின் உலகத்துக்கோ உங்கள் பெயர் தெரியாது. நல்லவன் விழுந்தாலும் கெட்டவன் விழுந்தாலும் ஒரே வேகம்தான்.

இந்த ஈரமின்மையை உச்சத்துக்குக் கொண்டுபோன கதை டாம் காட்வினின் ‘தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்’. 1954இல் ‘அஸ்டவுண்டிங்’ இதழில் வந்தது. காய்ச்சலில் கிடக்கும் ஆறு பேருக்கு மருந்து கொண்டுபோகும் சின்னக் கலம். எரிபொருள் கணக்காகத்தான் இருக்கிறது. அண்ணனைப் பார்க்கும் ஆசையில் ஒரு பெண் ஒளிந்து ஏறிவிடுகிறாள். அவள் எடையோடு கலம் தரையிறங்க முடியாது. பைலட்டும் சாவான், அந்த ஆறு பேரும் சாவார்கள். அவளை வெளியே அனுப்பத்தான் வேண்டும். அனுப்புகிறார்கள். கதையை முடிக்கும்போது நமக்கும் தொண்டை அடைக்கும், ‘என்ன பண்றது, இயற்கை விதி’ என்று.

கொஞ்சம் நில்லுங்கள். அந்தக் கதவில் ‘அனுமதியில்லாதவர் உள்ளே வரக் கூடாது’ என்ற ஒரு பலகை மட்டும்தான் இருந்தது. உள்ளே வந்தால் சாவு என்று அதில் எழுதியிருக்கவில்லை. ஈர்ப்புவிசை யாரையும் மன்னிக்காது, சரி. ஆனால் பலகையில் என்ன எழுதலாம், எரிபொருளில் எவ்வளவு மிச்சம் வைக்கலாம் என்று முடிவெடுத்தது ஈர்ப்புவிசை இல்லையே. யாரோ ஒரு மனிதர் போட்ட விதி, நியூட்டனின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறது.

என் தொழிலில் இந்தச் சட்டை தினமும் புழங்குகிறது. நம் ஊரில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். ‘கடைசிப் பெயர் கட்டாயம், குறைந்தது இரண்டு எழுத்து’ என்று படிவத்துக்குப் பின்னால் ஒரே ஒரு வரி நிரல் இருந்தால் போதும், அவர்களுடைய விண்ணப்பம் நகராது. கவுண்டரில் இருப்பவர் உண்மையான வருத்தத்தோடு சொல்வார்: “சிஸ்டம் எடுக்கல சார்.” மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோல.

உலகம் நம் ஆசைக்கு வளையாது என்பதை அறிவியல் புனைவிடம்தான் கற்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாடத்தை மட்டும் படித்தவர்கள், தாங்கள் போட்ட விதியையும் இயற்கையின் கணக்கில் எழுதிவிடுவார்கள். அவர்களுக்குக் கெட்டின் கதையும் தேவை. எந்த நிரல் வரியை யார், எந்தத் தேதியில் எழுதினார்கள் என்பது எங்கள் கோடு வரலாற்றில் பெயரோடு பதிவாகியிருக்கும். அந்த ‘இரண்டு எழுத்து’ வரிக்கும் ஒரு பெயர் உண்டு. தேடிப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.