கும்பிட்ட கையும் கணக்குக் கேட்கும் கையும்

காப்புறுதிப் பணம் கைக்கு வந்தால் நன்றி சொல்ல ஒரு முகத்தைத் தேடுகிறோம். அமைச்சர், தொழிற்சங்கத் தலைவர், பாடசாலை அதிபர், எல்லோருக்கும் மேலே அம்மன். பணம் வராவிட்டால் யாரையும் தேடுவதில்லை, தலையெழுத்து என்று அடங்கிவிடுகிறோம். மாத்தளை மாவட்டத்து யட்டவத்தயிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் நம்மிடையே ஊறிப்போன இந்தப் பழக்கத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். வந்தால் அருள், வராவிட்டால் விதி என்று மக்கள் நம்பும்வரை எந்த உத்தியோகத்தரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

மாணவர்களுக்கான சுரக்ஷா காப்புறுதியை எடுங்கள். 2017 ஒக்டோபரில் கல்வி அமைச்சு ஆரம்பித்தது. சுமார் 45 இலட்சம் மாணவருக்கு, ஒருவருக்கு இரண்டு இலட்சம் ரூபா வரை என்று விழா எடுத்து அறிவித்தார்கள். நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 2022 இறுதியில், அரிசிக்கும் மருந்துக்கும் நாடே அல்லாடிய காலத்தில், அது நின்றுபோனது. 2024இல்தான் மறுபடி தொடங்கியது. இடையில் கை முறிந்த பிள்ளையின் தாய் யாரிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும்? தந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள் என்றுதானே பேசாமல் இருந்தோம்?

தந்தவர் என்று ஒருவர் இல்லை, அது நம் வரிப்பணம். 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். லயத்தில் இருக்கும் பெண் ஒரு சவர்க்காரம் வாங்கும்போதும் அதைச் செலுத்துகிறாள். தன் காசுக்குத் தானே நன்றி சொல்லிக் கைகூப்பும்படி அவளைப் பழக்கி வைத்திருக்கிறோம்.

இந்தப் பழக்கம் புதிதாக வந்ததும் அல்ல. மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். வழியில் காய்ச்சலிலும் கொலராவிலும் விழுந்தவர்களை யாரும் ஒழுங்காக எண்ணவில்லை. 1872இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்துக்கென்றே ஒரு சட்டம் வந்தது. சட்டம் வந்தும், எவன் நோயாளி, எவன் வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறான் என்று தோட்டத்தில் தீர்ப்புச் சொன்னவர் தோட்டத்தை நடத்திய துரை. நோயாளி குறைந்தால் செலவு குறையும், நோயாளிகளை எண்ணியவரும் அவரே. இன்றைக்கும் கேட்க வேண்டியது அதைத்தான்: கோரிக்கையை நிராகரிப்பவர் யார், நிராகரித்தால் மிச்சப்படும் பணம் யாருக்கு?

மக்கள் பணம் பெரிய அளவில் ஓடும்போது கண்காணிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியா பக்கத்திலேயே இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டைப் பற்றிய தலைமைக் கணக்காயரின் அறிக்கை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஒரே கைத்தொலைபேசி எண்ணில் 7,49,820 பயனாளிகள் பதிவாகியிருந்தார்கள். அந்த எண்ணை வைத்துத் தகுதியைப் பார்ப்பதில்லை என்று அரசு விளக்கம் சொன்னது, அதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் ஏற்கெனவே இறந்தவர்கள் என்று பதிவான 3,446 பேரின் சிகிச்சைக்காக 6.97 கோடி ரூபாய் ஆஸ்பத்திரிகளுக்குப் போயிருந்ததே? செத்தவர் எழுந்து வரவில்லை. ஒருவர் பதிந்தார், ஒருவர் அனுமதித்தார், ஒருவர் பணம் அனுப்பினார். மூவரும் சம்பளம் வாங்கும் மனிதர்கள். பேயையும் விதியையும் விட்டுவிட்டுப் பார்த்தால் எந்தத் தவறின் பின்னாலும் ஒரு கையெழுத்து இருக்கும். அதைத் தேடிப் போக ஒரு கணக்காய்வாளர் இருந்ததால்தான் இது வெளியே தெரிந்தது.

பிள்ளைக்குச் சுகம் வேண்டி நேர்த்திக்கடன் வைக்கிறோம், கடன் வாங்கியாவது அதைத் தீர்க்கிறோம். அம்மனுக்கு அவ்வளவு நாணயமாக இருக்கும் நாம், அந்தப் பிள்ளையின் காப்புறுதிப் படிவம் எந்த மேசையில் கிடக்கிறது என்று ஒருநாள்கூடக் கேட்பதில்லை. கேட்டால் அதிபர் கோபிப்பார், ஐயா முகம் சுளிப்பார் என்று பயம். அந்தப் பயத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம். நம் பயத்தின் விலையைப் பிள்ளைதான் கொடுக்கிறது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்கும் உரியதுதான். நம் கல்வி வலயத்திலிருந்து எத்தனை காப்புறுதிக் கோரிக்கைகள் போயின, எத்தனைக்குப் பணம் வந்தது, எத்தனை நாளில், மறுத்தவற்றுக்கு என்ன காரணம் என்று யட்டவத்தயின் ஒவ்வொரு பாடசாலைப் பெற்றோரும் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்துச் சொல்ல அதிகாரி கடமைப்பட்டவர். கேட்கக் கட்டணம் இல்லை, தமிழிலேயே கேட்கலாம். எழுதத் தெரியாத பாட்டி வாயால் சொன்னாலும் அதிகாரியே அதை எழுதிக்கொள்ள வேண்டும்.